கல்முனைக்கு எல்லை வரையும் முன்

2025 மே 6ஆம் திகதி இலங்கையில் 339 உள்ளூராட்சி சபைகளுக்கு வாக்களிப்பு நடந்தது. கல்முனை மாநகர சபைக்கு நடக்கவில்லை. சபை தொடர்பான வழக்கு நீதிமன்றத்தில் இருந்ததே காரணம். முந்திய சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்துவிட்டது. அதன் பிறகு நகரத்தை நடத்தியவர்கள் அதிகாரிகள். ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் வாழும் ஊரில், வடிகான் அடைத்தாலும் தெருவிளக்கு அணைந்தாலும் உரிமையோடு போய்க் கேட்பதற்கு மக்கள் தெரிவுசெய்த ஒருவரும் இல்லை என்றாயிற்று.

இந்த இடத்துக்கு நாம் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைத் தமிழ்த் தரப்பு ஒரு விதமாகவும் முஸ்லிம் தரப்பு இன்னொரு விதமாகவும் சொல்கின்றன. இரண்டிலும் உண்மை இருக்கிறது. இரண்டிலும் விடுபட்டுப் போவது இந்த நிலம். கல்முனை எந்த மண்ணில் நிற்கிறது, அதன் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது, அங்கே வீடுகள் ஏன் இத்தனை நெருக்கமாக நிற்கின்றன என்ற கேள்விகளைக் கேட்காமல் வரையப்படும் எந்த எல்லையும் அடுத்த மாரிக்குத் தாக்குப்பிடிக்காது.

வடக்கிலிருந்து எண்ணிக்கொண்டு வருவோம். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை நகரம், கல்முனைக்குடி, சாய்ந்தமருது. மேற்கே வயலை ஒட்டி நற்பிட்டிமுனையும் சேனைக்குடியிருப்பும். மாநகர சபையின் தெற்கு எல்லையைத் தாண்டினால் காரைதீவு, அதற்கப்பால் நிந்தவூர். மருதமுனை முஸ்லிம் ஊர். அதை ஒட்டிய பாண்டிருப்பு தமிழ் ஊர். சாய்ந்தமருது முஸ்லிம் ஊர், அடுத்த காரைதீவு தமிழ் ஊர். மட்டக்களப்பு வீதியில் பஸ்ஸில் போகும் வெளியூர்க்காரர் ஓர் ஊர் முடிந்து மறு ஊர் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க மாட்டார். கோயில் கோபுரமும் பள்ளிவாசல் மினாராவும் மாறி மாறி வருவதை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

இந்த ஊர்கள் எல்லாம் ஒரே மணல் திட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. கிழக்கே கடல். மேற்கே வயல், அதற்குள் மட்டக்களப்பு வாவியின் தென்கோடி. பங்குடாவெளிப் பக்கமிருந்து கல்முனை வரை 56 கிலோமீற்றர் நீளும் அந்த வாவி இங்கேதான் முடிகிறது. கடற்கரையிலிருந்து அரை மணி நேரம் நடந்தால் வயல் வந்துவிடும். மணல் திட்டுக்கு அடியில் உப்பு நீர், அதன் மேல் மிதக்கும் மழை நீர். அந்த நல்ல தண்ணீர் கையெட்டும் ஆழத்தில் கிடைத்ததால்தான் மக்கள் இங்கே குடியிருந்தார்கள். மேட்டு மணலில் வீடு, பள்ளத்தில் நெல், கடலிலும் வாவியிலும் மீன் என்பதே இக்கரையின் பழைய ஏற்பாடு. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே ஏற்பாட்டில்தான் வாழ்ந்தார்கள்.

இந்த நிலத்தில் தண்ணீர் போகும் திசையைக் கவனியுங்கள். மாரியில் மேற்கு வயல்களில் நிறையும் வெள்ளம் நேரே கிழக்கில் கடலுக்குப் போவதில்லை. மணல் திட்டு மறிக்கிறது. வாவி வழியாக வடக்கே போய், பெரியகல்லாறு முகத்துவாரம் திறந்தால் கடல் சேரும். அந்த முகத்துவாரம் இருப்பதோ மட்டக்களப்பு மாவட்டத்தில். முகத்துவாரம் வெட்டத் தாமதமானால் கல்முனையையும் நாவிதன்வெளியையும் இணைக்கும் கிட்டங்கித் தாம்போதி மூழ்கும். அக்கரைக்கும் இக்கரைக்கும் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்கள் இடுப்பளவு ஓடும் நீரில் இறங்குவார்கள். தெற்கே காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் 2024 நவம்பர் 26ஆம் திகதி நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வீடு திரும்பிய மத்ரசா மாணவர்கள் ஏறிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. பிள்ளைகள் மாண்டார்கள்.

கடற்கரையில் மணலும் அப்படித்தான். அலை இக்கரையில் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் அந்த நகர்வை மறித்தது. சுவருக்குத் தெற்கே மணல் மேடிட்டது. வடக்கே ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரை அரிந்து தென்னைகளும் தோணி வைக்கும் இடங்களும் கடலுக்குள் போயின. ஒலுவிலில் போட்ட கல்லின் விலையை வேறோர் ஊரும் கொடுத்தது. இப்போது பேசப்படும் எல்லைகள் இந்த மணல் திட்டைக் குறுக்கே துண்டு போடுபவை. நீரும் மணலும் நீளவாக்கில், அந்தத் துண்டுகளையெல்லாம் கடந்து போகின்றன.

இனி வரலாறு. மட்டக்களப்புத் தேசத்தின் பழைய நிர்வாகப் பிரிவுகளான பற்றுகளில் ஒன்று கரவாகுப் பற்று. கல்முனை அதற்குள் அடங்கியது. 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி அரசன் செனரத் கிழக்கில் குடியமர்த்தினான். அதற்கு முன்பிருந்தே இங்கிருந்த முஸ்லிம் குடிகளோடு அவர்கள் சேர்ந்தார்கள். ஆங்கிலேயர் காலத்தில் வெஸ்லியன் மிஷன் இங்கே பள்ளிக்கூடம் வைத்தது. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் கல்முனையில் படித்தவர். கல்முனைக்குடியில் 1944இல் பிறந்த எம்.ஏ. நுஃமான் தமிழ்க் கவிதைக்கும் மொழியியலுக்கும் கொடுத்ததை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மருதமுனைக் கைத்தறி நாடெங்கும் பெயர் பெற்றது.

1949இல் கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. கரையோரத்தின் பெரிய கடைத்தெரு கல்முனையில் இருக்க, மாவட்டச் செயலகமான கச்சேரி உள்நாட்டில் புதிதாக எழுந்த அம்பாறை நகரத்தில் அமைந்தது. காணி உறுதிக்கும் அனுமதிப் பத்திரத்துக்கும் அங்கே போய், தன் மொழி புழங்காத மேசைகளுக்கு முன் நின்ற தலைமுறைகள் உண்டு. கரையோர மாவட்டம் வேண்டும் என்ற முஸ்லிம் அரசியலின் நெடுநாள் கோரிக்கை அந்த அலைச்சலில் பிறந்தது. தமிழர் கல்முனை வடக்குக்கு முழு அதிகாரமுள்ள பிரதேச செயலகம் கேட்பதும் அதே அலைச்சலின் இன்னொரு வடிவம். இந்த ஒற்றுமையை இரு தரப்புத் தலைவர்களும் மேடையில் சொல்வதில்லை என்பது எனக்கு வருத்தம்.

1987க்கு முன் இப்போதைய மாநகர எல்லைக்குள் நான்கு சபைகள் இருந்தன: கல்முனைப் பட்டின சபை, கரவாகு வடக்கு, கரவாகு தெற்கு, கரவாகு மேற்குக் கிராம சபைகள். மருதமுனையும் பாண்டிருப்பும் வடக்கில். சாய்ந்தமருது தெற்கில். நற்பிட்டிமுனையும் சேனைக்குடியிருப்பும் மேற்கில். பிரதேச சபை முறை வந்தபோது நான்கையும் ஒன்றாக்கினார்கள். ஊர்களைக் கேட்டு அது நடக்கவில்லை. 2001இல் மாநகர சபை என்ற பெரிய பெயர் வந்தது. இன்றைய பிணக்குகளில் பெரும்பாலானவை அந்த இணைப்பின் பிள்ளைகள்.

1989இல் கல்முனை வடக்குத் தமிழ்ப் பிரிவுக்கு உப பிரதேச செயலகம் வந்தது. 1993இல் அதைத் தரமுயர்த்த அமைச்சரவை முடிவு செய்தது. முடிவு காகிதத்திலேயே நின்றது. 2019 ஜூனில் அதை நிறைவேற்றக் கோரிச் சாகும்வரை உண்ணாவிரதம், அதற்கு எதிராக முஸ்லிம்களின் போராட்டம். 2024 மார்ச்சில் மீண்டும் வீதியில் மக்கள். இன்னொரு பக்கம் சாய்ந்தமருது தனிச் சபை கேட்டது. 2018 உள்ளூராட்சித் தேர்தலில் அவ்வூர் பெரிய கட்சிகளை ஒதுக்கிச் சுயேச்சைக் குழுவின் பின்னால் திரண்டது. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருது நகர சபைக்கு வர்த்தமானி வெளியானது, சில நாட்களுக்குள் நிறுத்தப்பட்டது. சாய்ந்தமருதும் கல்முனைக்குடியும் முஸ்லிம் ஊர்கள்தாம். ஆகவே இதை வெறும் தமிழ்–முஸ்லிம் சண்டையாகப் படிப்பவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள். ஊர் தன்னைத் தானே நடத்த ஆசைப்படுகிறது. நகரத்தின் கடைத்தெரு வரி எந்தப் பக்கம் விழும் என்பதில்தான் பேச்சு ஒவ்வொரு முறையும் முறிகிறது.

நிலப் பசியைப் பற்றி யாரும் போதிய அளவு பேசுவதில்லை. இக்கரைத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையைப் பகிர்ந்துகொள்பவர்கள். பெண்ணுக்குச் சீதனம் என்றால் முதலில் வீடு. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தாய் தன் வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு அதே வளவில் ஒரு மூலைக்கு ஒதுங்குவாள், அடுத்த மகளுக்கு மீதி வளவில் இன்னொரு வீடு எழும்பும். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் ஆண்டுக்கணக்காக இருந்து இதை விரிவாக எழுதியிருக்கிறார். பெண்ணுக்குச் சொத்தும் காவலும் தந்த முறை இது. என் பார்வையில் கிழக்கு நாட்டுக்கே சொல்லித்தரக்கூடிய நல்ல வழக்கம். ஆனால் மணல் திட்டு நீளாது. மூன்று தலைமுறைக்குள் ஒரு வளவு ஆறு துண்டாகிறது. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் சுருங்குகிறது. மழை நீர் மண்ணில் இறங்க இடமில்லாமல் சீமெந்து மூடுகிறது. மிச்சமிருக்கும் காணிக்காக ஊருக்கு ஊர் சந்தேகம் வளர்கிறது.

2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமி இந்தக் கணக்கையெல்லாம் கலைத்துப் போட்டது. இலங்கையில் இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர், அம்பாறைக் கரையைச் சேர்ந்தவர்கள். பெரியநீலாவணை தொடங்கித் தெற்கே வரிசையாக ஒவ்வொரு ஊரின் கடற்கரை ஒழுங்கையும் துடைத்தெறியப்பட்டது. பாண்டிருப்பும் மருதமுனையும் தங்கள் தங்கள் பிணங்களைத் தேடின, அடுத்த ஊர்ப் பிணங்களையும் தூக்கின. பிறகு கிழக்கில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றது அரசு. மீனவனின் வளவு அந்த 200 மீற்றருக்குள்தான் இருந்தது. மாற்றுக் காணி இல்லாததால் தூரத்தைக் குறைத்தார்கள். மருதமுனையில் ஒரு குடியிருப்புக்கு 65 மீற்றர் வீட்டுத்திட்டம் என்றே பெயர் நின்றுவிட்டது. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி உதவியோடு கட்டிய 500 வீடுகள் இன வழக்கில் மாட்டி ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. பல இடங்களில் புதிய வீட்டின் உறுதி குடும்பத் தலைவர் என்று கணவன் பெயரில் எழுதப்பட்டது. தாய் வழியாக வந்த பெண்ணின் வீடு, நிவாரணத்தின் பெயரால் கை மாறியது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கல்வெஸ்டன் என்றொரு சிறு நகரம் உண்டு. அதுவும் மணல் திட்டுத்தான், முன்னே கடல், பின்னே குடா. 1900 செப்டெம்பர் 8ஆம் திகதி வந்த சூறாவளியில் அங்கே குறைந்தது 6,000 பேர் மாண்டார்கள். அந்த ஊரார் நிலத்தைப் பார்த்தார்கள். 1902இல் கடற்சுவர் கட்டத் தொடங்கினார்கள். மணலை நீரோடு குழாய் வழி இறைத்து நகரத்தின் தரையையே உயர்த்தினார்கள், நின்ற வீடுகளைத் திருகுசாதனத்தால் தூக்கி நிறுத்தி அடியில் மண் நிரப்பினார்கள். அதற்கு முன்பே நகர சபையைக் கலைத்து ஐந்து ஆணையாளர்களிடம் ஆட்சியைக் கொடுத்தார்கள். வேலை விரைந்து நடந்தது. ஆனால் அந்த ஆட்சியில் கறுப்பின மக்களுக்குக் குரல் இருக்கவில்லை. முதற்பாதி நமக்கு வேண்டும். இரண்டாம் பாதி வேண்டவே வேண்டாம். தெரிவு செய்யப்படாத ஆட்சியில் கல்முனை போதிய அளவு இருந்து பார்த்துவிட்டது.

என் நிலைப்பாட்டை ஒளிக்காமல் சொல்கிறேன். 1987க்கு முன்பிருந்த நான்கு சபைகளையும், ஊர்களைக் கேட்டு, இன்றைய குடித்தொகைக்கு ஏற்றபடி திருத்தி மீட்க வேண்டும். கல்முனை வடக்குச் செயலகத்துக்கு முழு அதிகாரம் கொடுக்க வேண்டும். அதைக் கொடுப்பதால் எந்த முஸ்லிம் ஊரின் ஒரு அங்குலக் காணியும் போகாது என்பதைச் சட்டத்திலேயே எழுதலாம். சாய்ந்தமருதுக்கும் அதே நியாயம். நகரக் கடைத்தெருவின் வருமானம் எந்த ஒரு சபைக்கும் முழுதாகப் போகாமல், நான்குக்கும் பங்காகப் போக வேண்டும். அந்தக் கடைகளில் சாமான் வாங்குபவர்கள் நான்கு சபைப் பகுதிகளிலிருந்தும் வருகிறார்கள்.

ஆனால் சபைகளைப் பிரிக்கும் அதே சட்டத்தில் சிலவற்றைப் பிரிக்காமல் வைக்க வேண்டும். வடிகான் அமைப்பு, வாவி, கடற்கரை, குப்பை ஆகிய நான்கும் காரைதீவையும் நாவிதன்வெளியையும் சேர்த்த ஒரு கூட்டுச் சபையின் கையில் இருக்க வேண்டும். பெரியகல்லாறு முகத்துவாரம் வெட்டும் நாளைத் தீர்மானிக்கும்போது இக்கரைக்கும் ஒரு நாற்காலி வேண்டும். குப்பையின் கதையை உலகமே அறியும். கரையோரச் சபைகள் அட்டாளைச்சேனைப் பள்ளக்காட்டில் கொட்டிய பிளாஸ்டிக்கைத் தின்று யானைகள் செத்த படங்கள் 2022இல் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்தன. அந்தக் குப்பையில் எந்த ஊர் எவ்வளவு என்று யானை பிரித்துத் தின்னவில்லை.

இது நடவாத காரியம் என்று சொல்பவர்களுக்கு இக்கரையின் இரண்டு விழாக்களை நினைவூட்டுகிறேன். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் 18 நாள் சடங்கு, வனவாசமும் அருச்சுனன் தவநிலையுமாக நடந்து தீமிதிப்பில் முடிகிறது. அங்கிருந்து சிறிது தூரத்தில் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகை பேரில் கொடியேறுகிறது. போர்க்காலத்தில் 1990இல் இக்கரையில் நடந்த கொலைகளுக்குப் பிறகும், சுனாமிக்குப் பிறகும் இரண்டும் நிற்கவில்லை. அத்தனை பெருங்கூட்டத்தையும் இடத்தையும் கடையையும் தண்ணீரையும் ஊரார் தாங்களே ஏற்பாடு செய்கிறார்கள். இப்படிப்பட்டவர்களால் ஒரு வாய்க்காலைச் சேர்ந்து நடத்த முடியாதா?

கல்முனையின் இரு சமூகத் தலைவர்களிடமும், உள்ளூராட்சிக்குப் பொறுப்பான அமைச்சிடமும் என் வேண்டுகோள் இதுதான்: எல்லை நிர்ணயப் பேச்சு மேசையில் அடுத்த முறை அமரும்போது குடிமதிப்பு அட்டவணையோடு நில அளவைத் திணைக்களத்தின் நீரோட்ட வரைபடத்தையும் விரியுங்கள். வழக்கை முடித்துவையுங்கள். தேர்தலை அடுத்த மாரிக்கு முன் நடத்துங்கள்.