ஒலுவிற் கடல் கேட்கும் கணக்கு

ஆண்டு முடியுந் தறுவாயில் நம் பாராளுமன்ற உறுப்பினர்கள் தத்தம் சேவைக் கணக்கை மக்கள் முன் வைப்பது அம்பாறைக் கரையோரத்தில் வழக்கமாகிவிட்டது. வழுவழுப்பான தாளில், பல வர்ணத்தில், படங்களோடு வெளிவரும் கணக்கு அது. இத்தனை மதகு கட்டினோம், இத்தனை ஒழுங்கைக்குக் கொங்கிரீட் இட்டோம், இன்னாருக்கு இடமாற்றம் பெற்றுக் கொடுத்தோம் என்று நிரல் நீண்டு செல்லும். விளையாட்டுக் கழகத்துக்குப் பந்து வாங்கிக் கொடுத்ததும் அதில் இடம்பெறத் தவறாது. அந்நிரலைக் கையிலெடுத்துக்கொண்டு ஒலுவிற் கடற்கரைக்குச் சென்று, அங்கே நின்று படிக்குமாறு வாசகர்களை வேண்டுகின்றோம். தென்னை நின்ற நிலத்தில் அங்கே கடல் நிற்கின்றது. அந்தக் கடலைப் பற்றி அந்நிரலில் ஒரு வரியேனும் உண்டா?

சிறு சேவைகளை நாம் இகழவில்லை. மதகு உடைந்தால் வேளாண்மை வெட்டிய கமக்காரன் நெல்லை வண்டியில் ஏற்றி வெளியே கொண்டுவர முடியாது என்பதை அறிவோம். தூரத்து மாவட்டத்துக்குத் தூக்கியெறியப்பட்ட ஆசிரியையின் துயரையும் அறிவோம். ஆயினும், மதகு பிரதேச சபையின் வேலை. இடமாற்றம் திணைக்களத்தின் கடமை. அவை தத்தம் கடமையைச் சட்டப்படி செய்தால், விடியற்காலையில் உறுப்பினர் வீட்டு வாயிலில் எவரும் காத்து நிற்க வேண்டியதில்லை. 1974ஆம் ஆண்டு பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் வந்த நாள் முதலாக, சட்டம் இயற்றச் சென்றவர் சில்லறைப் பணம் பங்கிடுபவராக மாறிப்போனார். மக்களும் அவரிடம் சில்லறையையே கேட்கப் பழகிவிட்டனர். இந்தப் பழக்கம் யாருக்கு வசதி என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஒரு சட்டசபை உறுப்பினரின் ஓராண்டுப் பணி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நாம் சீமைக்குச் செல்ல வேண்டியதில்லை. ஒலுவிலிலேயே சான்று நிற்கின்றது. மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப் அவர்கள் 1994 ஆகஸ்டில் கப்பற்றுறை, துறைமுக, புனர்வாழ்வு மந்திரியானார். 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. 1996 மே மாதத்தில் அது முழுப் பல்கலைக்கழகமாயிற்று. கல்லூரி பல்கலைக்கழகமாவதற்கு ஓராண்டுகூடச் செல்லவில்லை! போரினாலே கிழக்கின் மாணவர் படிப்பிழந்து நின்ற காலம் அது. பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் கட்டளை வேண்டும், மந்திரிசபையின் இசைவு வேண்டும், திறைசேரியின் பணம் வேண்டும். இவை மூன்றும் பெயர்ப்பலகை நாட்டிப் பெறத்தக்கவை அல்ல. கொழும்பில் வாதாடிப் பெறத்தக்கவை. இன்று அவ்வளாகத்தில் முஸ்லிம், தமிழ், சிங்கள மாணவர் அனைவரும் பயில்கின்றனர். அஷ்ரப் அவர்களின் அரசியலோடு உடன்படாதோரும் உண்டு; அவர்களுடைய பிள்ளைகளும் அங்கே படிக்கின்றார்கள்.

அதே ஊரில் மறுபக்கத்தைப் பாருங்கள். ஒலுவிலுக்கு ஒரு துறைமுகம் என்பதும் அவர் கண்ட கனவே. 2000 செப்டெம்பர் 16இல் அரநாயக்கவில் ஹெலிகொப்டர் வீழ்ந்து அவர் மறைந்தார். கனவு பின்வந்தோர் கைக்குச் சென்றது. டென்மார்க்கின் கடனுதவியோடு 2008இல் வேலை தொடங்கிற்று. 2013 செப்டெம்பர் 1ஆந் திகதி அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ அதனைத் திறந்து வைத்தார். கொடி பறந்தது, மாலை விழுந்தது. நம் பிரதிநிதிகள் மேடையில் இடம் பிடிக்க முந்தினர்.

பின்னர் கடல் தன் கணக்கைத் தொடங்கிற்று. இக்கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கின்றது. கரைவலை இழுக்கும் எந்த முதியவரைக் கேட்டாலும் இதனைச் சொல்வார். நகரும் மணலுக்குக் குறுக்கே கற்சுவரைக் கடலுக்குள் நீட்டினால் என்ன நேரும்? தெற்கே மணல் குவியும்; வடக்கே வரவேண்டிய மணல் வராமற் போகும்; பசித்த அலை கரையைத் தின்னும். இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஞ்ஞானமன்று. சென்னையில் வெள்ளைக்காரன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகம் கட்டினான். தெற்கே மணல் சேர்ந்து மெரீனா அகன்றது. வடக்கே இராயபுரத்துக் கரை அரிக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உலகறிந்த பாடம்! ஆயினும் ஒலுவிலில் துறைமுகத்துக்கு வடக்கே குடியிருப்பும் தென்னந்தோட்டமும் கரைவலைப்பாடும் அலைக்கு இரையாயின. அரிப்பு நிந்தவூர்க் கரையையும் எட்டிற்று. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை ஒரு காலைப்பொழுதில் பறித்தது. இதுவோ ஆண்டாண்டாகப் பறிக்கின்றது. அன்று உலகமே உதவிக்கு ஓடிவந்தது. இன்று வருபவர் புகைப்படக்காரரோடு வந்து, சப்பாத்தில் மணல் படுமுன் திரும்பிவிடுகின்றார்.

துறைமுகமாவது வாழ்ந்ததா? எதிர்பார்த்த கப்பல் வணிகம் அங்கே வேரூன்றவில்லை. மீனவரின் படகுகளுக்கேனும் பயன்படும் என்றால், சில ஆண்டுகளுக்குள் முகத்துவாரம் மணலால் அடைபட்டுப் படகு உள்ளே வரவும் வெளியே செல்லவும் தவித்தது. 2018ஆம் ஆண்டளவில் நிலைமை முற்றிற்று. மணலை அள்ளு என்றனர் மீனவர். கரையைக் காப்பதற்கு வழி சொல்லாமல் மணலில் கை வையாதே என்றனர் நிலம் இழந்த ஊரவர். இரு சாராரும் ஏழைகள். இரு சாராரின் கோரிக்கையும் நியாயம். இவ்விரு நியாயங்களையும் ஒரு திட்டத்துள் இணைத்து அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவதற்கே பாராளுமன்ற உறுப்பினர் என்று ஒருவர் வேண்டும். நடந்ததென்ன? மீனவரிடம் சென்றவர் மீனவர் பக்கம் பேசினார். ஊரவரிடம் சென்றவர் ஊரவர் பக்கம் பேசினார். துறைமுகத்துக்குக் காணி கொடுத்த குடும்பங்களோ நட்ட ஈட்டுக்காகப் பல்லாண்டு கந்தோர் கந்தோராக அலைந்தன.

பொறியியலாளர் செய்த பிழைக்கு உறுப்பினர் என்ன செய்வார் என்று சில கனவான்கள் கேட்பர். நாம் அவரைக் கல் சுமக்கச் சொல்லவில்லை. கேள்வி கேட்கச் சொல்கின்றோம். சுற்றாடல் ஆய்வறிக்கை வடகரையைப் பற்றி என்ன சொல்லிற்று? மணல் அள்ளுவதற்கு ஆண்டுதோறும் எவ்வளவு பணம் ஒதுக்கப்படும், எந்த அமைச்சின் தலைப்பில்? தெற்கே சேரும் மணலை வடக்கே கொண்டுபோய்க் கொட்டும் ஏற்பாடு உண்டா? வேறு நாடுகளில் அவ்வாறு செய்கின்றார்களே! இவற்றைக் கடன் ஒப்பந்தம் ஆவதற்கு முன்னமே கேட்டிருக்க வேண்டும். முதற் கல் இட்ட பின்னராவது கேட்டிருக்கலாம். மாலையைக் கழுத்தில் வாங்கியவருக்கு நாவில் கேள்வி வருமா?

கரையை விட்டு வயலுக்கு வந்தாலும் இதே கதைதான். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு அரசாங்கம் திடீரெனத் தடை விதித்தது. நாட்டின் நெற்களஞ்சியங்களுள் ஒன்று அம்பாறை. யூரியா இல்லாமல் பெரும்போகத்துப் பயிர் மஞ்சளித்தால் போடியாரும் கெடுவார், கூலிக்காரனும் கெடுவான். நவம்பரில் அரசாங்கமே பின்வாங்கித் தடையைத் தளர்த்திற்று. அதற்குள் விதைப்பு நடந்துவிட்டது. அந்த ஆறு மாதமும் இம்மாவட்டத்து உறுப்பினர் எத்தனை பேர் சபையில் எழுந்து நின்று தம் கமக்காரருக்காக அரசாங்கத்தோடு மோதினர்? பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்தமையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இதற்கு வேர் எங்கே என்று தேடினால், பழைய ஏடுகளையும் புரட்ட வேண்டியிருக்கின்றது. 1956இல் தமிழரசுக் கட்சியின் பெயரில் கல்முனையில் எம். எஸ். காரியப்பரும், பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் வென்றனர். வென்ற பின் இருவரும் ஆளுந் தரப்புக்குச் சென்றனர். முஸ்தபா பின்னர் தஹநாயக்காவின் மந்திரிசபையில் நிதி மந்திரி பதவியையும் எட்டினார். அபிவிருத்தி வேண்டுமானால் அரசாங்கத்தோடு சேர வேண்டும் என்பதே அன்று சொன்ன நியாயம். 2020 ஒக்டோபரிலும் அதே நியாயம் உயிர்த்தெழுந்தது. நோயில் இறந்த முஸ்லிம்களின் உடலங்களை அரசாங்கம் பலவந்தமாக எரித்துக்கொண்டிருந்த வேளையில், எதிரணிச் சின்னத்தில் இம்மாவட்டத்து மக்களின் வாக்கைப் பெற்றோர் அவ்வரசாங்கத்தின் 20ஆவது திருத்தத்துக்குக் கையுயர்த்தினர். சேர்ந்து பெற்றது யாது? ஒலுவிற் கரைக்கு ஒரு முழம் நிலமேனும் மீண்டதா?

ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்றிருந்த காலத்தில், பிழைத்தால் ஒருவரின் சட்டையைப் பிடிக்கலாம். இன்று திகாமடுல்ல மாவட்டத்துக்கு எழுவர். ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் காட்டுவார். மற்றவர் மந்திரியைக் காட்டுவார். மந்திரி முந்திய அரசாங்கத்தைக் காட்டுவார். 2024 நவம்பரில் மக்கள் பழைய பெயர்கள் பலவற்றைக் கழித்துப் புதியவர்களை அனுப்பினர். புதியவர்களும் மதகுக் கணக்கையே தூக்கி வருவார்களானால் ஆள்மாற்றத்தால் ஆவதொன்றில்லை.

ஆதலால் கமக்காரர்களுக்கும், மீனவர்களுக்கும், சட்டத்தரணிகள், ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள் ஆகிய கற்றோருக்கும் ஒன்று சொல்வோம். உறுப்பினர் ஊருக்கு வரும்போது மாலையை வைத்துவிட்டு, கேள்வியை எழுதிக் கொடுங்கள். கற்றோர் அதனைச் சபையின் ஒழுங்குக்கேற்ற வடிவில் எழுதித் தரவேண்டும்; அது அவர்களால் முடியும். ஒலுவிலின் வடகரையில் இழந்த நிலத்தின் அளவு, உறுதிகளின் இலக்கம், அடைபட்ட நாட்களில் மீனவர் இழந்த தொழில் ஆகியவற்றை ஊரிலேயே திரட்டுங்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் அதனை வைக்கச் செய்யுங்கள். வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தில் கடற்றொழில் அமைச்சின் ஒதுக்கீடும், கரையோரப் பாதுகாப்பின் ஒதுக்கீடும் எடுத்துக்கொள்ளப்படும் நாட்கள் முன்கூட்டியே தெரிந்தவை. அந்நாட்களில் எழுவருள் எவரெவர் சபையில் இருந்தனர், எவர் ஒலுவில் என்ற பெயரை உச்சரித்தார், எவர் தேநீர்ச்சாலையில் இருந்தார் என்பதைப் பார்ப்போம். ஹன்சாட்டை வாங்கி, அவரவர் பேசியதைப் பேசியபடி இவ்விதழில் வெளியிடுவோம். பேசாதவர் பெயருக்கு எதிரே இடத்தை வெறுமையாக விடுவோம். ஒலுவில் மீனவருக்கும் ஒரு பிரதி அனுப்பி வைப்போம்.