ஆணி அடிக்கக் கூடாத வீடு

எங்கள் வீட்டில் ஓர் எனாமல் குவளை இருந்தது. வெள்ளை உடம்பு, நீல விளிம்பு. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் கிணற்றடியில் அதைக் கை தவறிப் போட்டுவிட்டேன். விளிம்புக்குக் கீழே மிளகளவு ஒரு பொட்டு பெயர்ந்தது. "இவ்வளவுதானே!" என்றேன். அம்மா பதில் பேசாமல் குவளையை வாங்கி, அந்த இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள். ஆறு மாதத்தில் மிளகு சுண்டைக்காய் ஆயிற்று. வருஷம் திரும்புவதற்குள் அங்கே ஓர் ஓட்டை. குவளை பதவி இறங்கி, கொல்லைப்புறத்தில் புதினாச் செடிக்குத் தொட்டியாகிவிட்டது.

இந்தக் குவளைச் சமாசாரம் எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? அந்தக் குவளையைச் செய்த அதே முறையில் ஒரு முழு வீட்டையே செய்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்! சுவர், கூரை, உள்ளே மேல்தளம், சமையலறை அலமாரி, எல்லாமே எஃகுத் தகடு; தகட்டின் மேல் பளபளவென்று எனாமல். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அமெரிக்காவில் இப்படிச் சுமார் 2,500 வீடுகள் கட்டினார்கள். 'லஸ்ட்ரான்' வீடு என்று பெயர். அவற்றில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இன்னும் நிற்கின்றன. பலவற்றில் குடும்பங்கள் குடியிருக்கின்றன. எழுபத்தைந்து வயதான அந்த வீடுகளைப் பழுது பார்த்து நிமிர்த்துகிறவர்கள் படும் பாட்டைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

1945-ல் யுத்தம் முடிந்தது. லட்சக்கணக்கான சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள். கல்யாணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது. வீடு மட்டும் கிடைக்கவில்லை. இளம் தம்பதிகள் பெற்றவர்கள் வீட்டில் ஓர் அறையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாழ்க்கையின் அருமை பெருமைகளை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை!

அந்தச் சமயத்தில், 1946-ல், கார்ல் ஸ்ட்ராண்ட்லண்ட் என்பவர் வாஷிங்டனுக்குப் போனார். ஸ்வீடனில் பிறந்தவர், சிகாகோவில் எனாமல் தகடு செய்யும் கம்பெனி ஒன்றில் இருந்தவர். பெட்ரோல் பங்க்குகளுக்குச் சுவர்த் தகடு செய்ய எஃகு வேண்டும் என்று கேட்கப் போனார். எஃகுக்கு அப்போது கடுமையான கட்டுப்பாடு. பெட்ரோல் பங்க்குக்கு எஃகு கிடையாது, வீடு கட்டுவதானால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். வேறொருவராக இருந்தால் சர்க்காரைத் திட்டிக்கொண்டே ரெயில் ஏறியிருப்பார். இவரோ, சரி, வீட்டையே கட்டிவிட்டால் போகிறது என்று கிளம்பிவிட்டார்.

ஒஹையோ மாகாணத்தில் கொலம்பஸ் நகரில், யுத்த காலத்தில் விமானம் செய்துகொண்டிருந்த பிரம்மாண்டமான தொழிற்சாலை அவருக்குக் கிடைத்தது. 1947 முதல் தவணை தவணையாகச் சர்க்கார் கடன் வேறு; மொத்தம் 3 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல். மோட்டார் கார் செய்வது போல வீடு செய்ய வேண்டும் என்பது திட்டம். ஒரு வீட்டுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்புக்கள். அத்தனையையும் ஒரே லாரியில், எது முதலில் வேண்டுமோ அது முதலில் கைக்கு வரும்படி அடுக்கி அனுப்புவார்கள். மனையில் கான்கிரீட் தளம் தயாராக இருக்கும். ஆட்கள் எடுத்து எடுத்துப் பூட்ட வேண்டியதுதான். செங்கல் இல்லை, சுண்ணாம்பு இல்லை, கொத்தனாருக்குக் காபி வாங்கிக் கொடுக்கும் வேலையும் இல்லை!

வெளிச் சுவருக்கு இரண்டடிக்கு இரண்டடிச் சதுரத் தகடுகள். நீலம், சாம்பல், மஞ்சள், மணல் நிறம், இவைதான் பெரும்பாலான வீடுகளுக்கு. உள்ளே இரண்டு படுக்கையறை. நிலைக்கண்ணாடி வைத்த மேஜை, புத்தக அலமாரி எல்லாம் சுவரோடு சுவராகவே வரும். கதவுகள் திறந்து மூடாமல் சுவருக்குள் நகர்ந்து ஒளிந்துகொள்ளும். சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே பீங்கான் அலமாரி. அதில் ஒரு திறப்பு. இந்தப் பக்கம் நின்று தட்டை நீட்டினால் அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ளலாம். இதை மட்டும் நம் வீடுகளுக்கும் யாராவது செய்து கொடுத்தால் தேவலை.

இன்னொரு விசேஷம், ஒரே இயந்திரம் துணியும் துவைக்கும், பாத்திரமும் கழுவும். உள்தொட்டியை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். துணி துவைத்த இயந்திரத்தில் சாப்பிட்ட தட்டா என்று நீங்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. அமெரிக்கப் பெண்மணிகளுக்கும் அது ரசிக்கவில்லை போலும். பெரும்பாலான வீடுகளிலிருந்து அந்த இயந்திரம் சீக்கிரமே வெளியேறிவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாக்குறுதி கொடுத்தார்கள். வர்ணம் அடிக்க வேண்டாம். கூரை மாற்ற வேண்டாம். சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போதும், வீடு என்றைக்கும் புதிது. வீட்டு வேலையில் இடுப்பொடிந்த எந்தப் பெண்தான் இதைக் கேட்டு மயங்கமாட்டாள்?

ஆனால் கணக்குச் சரிப்பட்டு வரவில்லை. 7,000 டாலருக்கு வீடு என்று பேச ஆரம்பித்தார்கள். முடிவில் 10,000 டாலர் என்றாயிற்று. நாளைக்கு நூறு வீடு என்று திட்டம் போட்டார்கள். அதில் கால் பங்கை எட்டுவதே பெரும்பாடாக இருந்தது. 1950-ல் சர்க்கார் கடனுக்காகக் கம்பெனியைக் கைப்பற்றியது. வீடு செய்வது அந்த வருஷத்தோடு நின்றது. குழந்தைகள் பிறந்து இரண்டு வருஷத்தில் தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று முதல் அந்த வீட்டில் ஒரு தகடு நசுங்கினால், கேட்டு எழுத ஒரு விலாசம் கிடையாது.

இப்போது பழுது பார்க்கும் கதைக்கு வருவோம்.

எனாமல் என்பது வேறொன்றுமில்லை, கண்ணாடிதான். கண்ணாடிப் பொடியைக் கரைத்துத் தகட்டின் மேல் பூசி, சுமார் 800 டிகிரி சூட்டில் உலையில் வைத்தால், உருகி எஃகோடு எஃகாக ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அதன் நிறம் லேசில் மங்குவதில்லை. ஆனால் கண்ணாடிக்கு உள்ள குணம் அதற்கும் உண்டு. வளைந்து கொடுக்காது, அடிபட்டால் சில்லாகப் பெயர்ந்துவிடும். புல் வெட்டும் இயந்திரம் தெறித்துவிட்ட கல், சாய்த்து வைத்த ஏணி, பிள்ளைகள் எறிந்த பந்து, எதுவானாலும் போதும். பெயர்ந்த இடத்தில் எஃகு வெளியே தெரியும். பிறகு? மிளகு, சுண்டைக்காய், ஓட்டை. நம் குவளையின் கதைதான். சுவரை உலையில் வைத்து மறுபடி சுட முடியுமா? முடியாது. ஆகவே துருவைச் சுத்தமாகச் சுரண்டி, துரு தடுக்கும் பூச்சு ஒன்று போட்டு, குளியல் தொட்டிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் உபயோகிக்கிறார்களே, அந்தக் கடினமான வர்ணத்தால் பொட்டு வைத்தாற்போல் மூடுகிறார்கள். சரியான நீலத்தைக் கலந்து எடுப்பதற்குள் புடவைக்கு ரவிக்கைத் துணி தேடிய கதைதான்!

கறுப்பு மூலை கண்டுவிட்டதே என்று சாம்பல் போட்டோ சொரசொரப்பான பொடி போட்டோ தேய்த்தால் கெட்டது காரியம். கண்ணாடியின் பளபளப்புப் போய்விடும். மிருதுவான துணி, சோப்புத் தண்ணீர், அதற்கு மேல் வேண்டுமானால் மோட்டார் காருக்குப் பூசும் மெழுகு. இவ்வளவுதான்.

ஆனால் இந்த வீடுகளுக்கு மழையையும் வெயிலையும் விடப் பெரிய சத்துரு யார் தெரியுமா? முந்தின சொந்தக்காரர்தான். "நீல வீடு அலுத்துவிட்டது, வெள்ளையாக்கலாமே" என்று ஒருவர் எனாமலின் மேல் வர்ணம் அடிப்பார். கண்ணாடியின் மேல் வர்ணம் எத்தனை நாள் நிற்கும்? உரிந்து தொங்கும். உடனே இன்னொரு பூச்சு. கூரையில் ஏறி நடப்பார் ஒருவர். கூரைத் தகடுகள் நசுங்கும். ஒழுகும் இடத்தில் தாரைக் குழைத்து அப்புவார். கல்யாணப் போட்டோ மாட்ட ஆணி அடிப்பார், திருகு போடுவார். சுவரோ உலோகம், அதில் படம் மாட்டக் காந்தம் போதும். ஒரு காந்தத்துக்குச் சோம்பல் பட்டுச் சுவரைச் சல்லடையாக்கியவர்கள் எத்தனை பேர்!

அதனால் இந்த வீடுகளில் பழுது பார்ப்பது என்றால் பாதி வேலை, பிறர் செய்ததை அவிழ்ப்பது. இதில் ஒரு சந்தோஷமும் இருக்கிறது. வர்ணம் அடித்த சுவரில் அதைக் கரைக்கும் மருந்தைத் தடவி, சற்றுப் பொறுத்து, பிளாஸ்டிக் கரண்டி போன்ற ஒன்றால் மெதுவாக வழித்தால் பழைய பூச்சு தோல் தோலாக வந்துவிடும். எனாமலுக்கு ஒன்றும் ஆகாது. அடியில், 1949-ல் லாரியிலிருந்து இறங்கிய அதே நீலம்! வார விடுமுறை தோறும் ஒரு சுவர் என்று வைத்துக்கொண்டு வேலை செய்கிற தம்பதிகளுக்கு இந்த ஒரு கணம்தான் கூலி.

நடுவில் ஒரு தகட்டைக் கழற்ற வேண்டி வந்தால்தான் தலைவலி. தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டிருக்கும். பூட்டிய வரிசைக்குத் தலைகீழ் வரிசையில்தான் கழற்ற வேண்டும். நல்ல வேளையாக, கம்பெனி ஆட்களுக்கென்று அச்சிட்ட பூட்டும் முறைப் புத்தகம் தப்பிப் பிழைத்திருக்கிறது. வீட்டுக்காரர்கள் அதைப் பிரதி எடுத்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். தகடுகளுக்கு நடுவே நீர் புகாமல் வைத்த பிளாஸ்டிக் பட்டை முதுமையில் இறுகிப் போயிருக்கும். அதையும் கவனிக்க வேண்டும்.

இவர்களுக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. அந்தக் காலத்து ஜன்னல்கள் ஒற்றைக் கண்ணாடி போட்ட அலுமினியம். குளிர் காலத்தில் அவற்றில் நீர் முத்து முத்தாக வழியும். அறையைச் சூடாக்கும் ஏற்பாடோ மேல்தளத்துக்கு மேலே. உஷ்ணக் காற்று அங்கே பரவித் தகட்டைச் சுட வைக்கும். தலை காயும், கால் விறைக்கும். இவற்றை மாற்றலாமா, அப்படியே காப்பாற்ற வேண்டுமா என்பதுதான் வழக்கு. என்னைக் கேட்டால், வீட்டில் இருக்கிறவள் பனியில் நடுங்கிச் சரித்திரத்தைக் காப்பாற்ற வேண்டியதில்லை. தாராளமாக மாற்றட்டும். கழற்றிய ஜன்னலை மட்டும் காயலான் கடைக்குப் போடாமல் கார்க் கொட்டகையில் சாத்தி வைக்கட்டும். பின்னால் வருகிறவர்களுக்கு அது வேண்டியிருக்கும்.

சரி, தகடு அடியோடு போய்விட்டால் மாற்றுத் தகட்டுக்கு எங்கே போவது?

இங்கேதான் எனக்கு மனசு கொஞ்சம் சங்கடப்படுகிறது. மாற்றுத் தகடு பெரும்பாலும் எங்கேயாவது ஒரு லஸ்ட்ரான் வீடு பிரிக்கப்படும்போதுதான் கிடைக்கிறது. வீடு சிறியது, மனை பெரியது. வாங்குகிறவருக்கு மனைதான் வேண்டும். சின்ன வீட்டைத் தள்ளிவிட்டு மாளிகை எழுப்பக் காத்திருக்கிறார். வர்ஜீனியாவில் குவான்டிகோ என்ற ராணுவத் தளத்தில் 60 லஸ்ட்ரான் வீடுகள் இருந்தன. வேறெங்கும் இவ்வளவு வீடுகள் ஒரே இடத்தில் இருந்ததில்லை. 2000-த்தை அடுத்த வருஷங்களில் அவற்றில் பெரும்பாலானவை போய்விட்டன. இப்படி ஒரு வீடு இடிபடப் போகிறது என்று செய்தி வந்தால் பல மைல் தூரத்திலிருந்து வண்டி போட்டுக்கொண்டு வருகிறார்கள். இழப்பு அவர்களுக்கும்தான். இருந்தாலும் கண், தம் வீட்டில் இல்லாத அந்த மேஜை இழுப்பறையின் மேல் இருக்கும். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் பாத்திரம் கேட்கிற நிலைமை! கேட்காமல் வந்தாலோ, நாளைக்கு அது பழைய இரும்பு.

இதற்கு மாறாக நடந்தது ஒன்றும் உண்டு. அதே வர்ஜீனியாவில் ஆர்லிங்டன் என்ற ஊரில் ஒரு லஸ்ட்ரான் வீடு இடிபட இருந்தது. மனைக்காரர் வீட்டை உள்ளூராட்சிக்குத் தானமாகக் கொடுத்தார். 2006-ல் அதைத் தகடு தகடாகக் கழற்றினார்கள். 2008-ல் நியூயார்க்கில் நவீனக் கலைக் காட்சிசாலையில், கட்டடத்துக்குள்ளேயே அதைப் பூட்டி நிறுத்திக் காட்டினார்கள். பிறகு மறுபடியும் கழற்றி ஒஹையோ மாகாணத்துச் சரித்திரக் காட்சிசாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காட்சிசாலை இருப்பது எந்த ஊரில் தெரியுமோ? கொலம்பஸில்! எந்த ஊரிலிருந்து லாரி ஏறிப் புறப்பட்டதோ அங்கேயே, அறுபது வருஷம் வெளியூரில் குடித்தனம் நடத்திய பெண் பிறந்தகம் வந்து சேர்ந்தாற்போல.

2013-ல் அங்கே அதை மறுபடி பூட்டி, அந்தக் காலத்துச் சாமான்களெல்லாம் உள்ளே வைத்து ஜனங்களைப் போகவிட்டார்கள். தொடாதே என்ற பலகை கிடையாது. வந்தவர்கள் சமையலறையில் நுழைந்து அலமாரியைத் திறந்து பார்க்கலாம், இழுப்பறையை இழுத்துப் பார்க்கலாம். ஆணி கொண்டு போனால் மட்டும் என்ன சொல்வார்களோ, தெரியாது.