ரெயிலில் கைக்குழந்தை

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம் மும்பைத் தமிழரிடையே இன்னும் விட்டுப்போகவில்லை. வளைகாப்பு முடிந்து ஊருக்குப் போகிற பெண், பிள்ளைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆனதும் அதைக் கையில் ஏந்திக்கொண்டு தாராவிக்கும் செம்பூருக்கும் திரும்புகிறாள். நாகர்கோவிலிலிருந்து மும்பைக்கு ரெயிலில் ஏறக்குறைய ஒன்றரை நாள். அதற்குள் பச்சைப் பிள்ளைக்குப் பத்துத் தடவையாவது துணி மாற்றியாக வேண்டும். எங்கே வைத்து மாற்றுவது? இந்தக் கேள்விக்கு ரெயில்வேயும் சரியாகப் பதில் சொல்லவில்லை, பயணிகளும் சொல்லவில்லை.

நடப்பது எல்லோருக்கும் தெரியும். எதிரே இருப்பவர் புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்கிற நேரம் பார்த்துத்தான் பிள்ளை ஆய் போகும். தாய் வேறு வழியின்றி இருக்கையிலேயே கிடத்தி மாற்றுகிறாள். சாப்பிடுகிறவர் முகத்தைச் சுளிக்கிறார். மேல் படுக்கையிலிருந்து ஒருவர், "பாத்ரூமுக்குக் கொண்டுபோகக் கூடாதாம்மா?" என்கிறார். கொண்டுபோய்ப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் லட்சணம் தெரியும். ஆடுகிற வண்டியில், ஈரத் தரையில் நின்றுகொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி குழந்தையை எங்கே கிடத்துவது? கைகழுவும் தொட்டியிலா? கேட்டவர் ஒரு தடவை முயன்று பார்த்துவிட்டு வந்து பேசட்டும்.

ஆகவே இருக்கையில் வைத்து மாற்றுவது குற்றமல்ல. ஆனால் அதற்கும் ஒரு முறை உண்டு. அந்த இருக்கையில்தான் இன்னொருவர் இரவு தலைவைத்துப் படுக்கப் போகிறார். கீழே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் பழைய வேட்டித் துணி, இவ்வளவு போதும். சன்னலோரத்து மடிப்பு மேஜை சோறு வைக்கும் இடம். குழந்தையைக் கிடத்தும் இடமல்ல. ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து, ஒரு துண்டை மறைப்பாகப் பிடித்துக்கொண்டால் இரண்டு நிமிட வேலை. "அண்ணாச்சி, கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் முகம் சுளிக்க வந்தவர்கூட நகர்ந்து இடம் கொடுப்பார். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்றாலும், பலர் மறப்பது அதைத்தான். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அஞ்சி நனைந்த துணியோடு பிள்ளையை மணிக்கணக்கில் விட்டுவைப்பதும் தவறு. இடுப்பு சிவந்து புண்ணாகி, வீடு வந்து சேரும்போது பிள்ளை அலறும்.

மாற்றியதை எங்கே போடுவது என்பது இதைவிடப் பெரிய சங்கடம். அந்தக் காலத்தில் பாட்டிமார் பழைய சேலையைக் கிழித்து அணையாடையாகக் கட்டினார்கள், அலசிக் காயப்போட்டார்கள். இன்று பட்டிதொட்டியெல்லாம் 'பாம்பர்ஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்ட டயபர், கையை எளிதாக்கி, குப்பையைக் கடினமாக்கிவிட்டது. பயணிகளில் சிலர் அதைச் சன்னல் வழியே வீசுகிறார்கள். தண்டவாளத்தை நாள்தோறும் நடந்தே பார்வையிடும் கீமேனும், சரளைக்கல்லை அள்ளும் தொழிலாளியும் அதை மிதித்துக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. வேறு சிலர் அதைவிடப் புத்திசாலித்தனமாக நினைத்துக் கழிவறைக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். முன்பு கழிவு நேரே பாதையில் விழுந்தது. இப்போது பெட்டிக்கடியில் உயிரிக் கழிவறைத் தொட்டி இருக்கிறது. நுண்ணுயிர்கள் மலத்தை நீராகவும் வாயுவாகவும் மாற்றுகின்றன. டயபரை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குள் இருக்கும் பசைப்பொருள் நீரை உறிஞ்சி உப்பிக்கொண்டு குழாயை அடைக்கிறது. அதன்பின் பெட்டியிலுள்ள அத்தனை பேரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு மீதிப் பயணத்தை முடிக்கிறார்கள். வண்டி யார்டுக்குப் போனதும் யாரோ ஒரு தொழிலாளி அதைத் தோண்டி எடுக்கிறார்.

அதைச் சுருட்டி, காகிதத்தில் பொதிந்து, பையிலிட்டு வாயை இறுகக் கட்டிப் பெட்டிக் கோடியிலுள்ள குப்பைத் தொட்டியில் போடுவதுதான் முறை. பொதிந்துதான் போட வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே கூறின. ரெயில் வளாகத்தை அசுத்தம் செய்தால் 500 ரூபாய் வரை அபராதம் என்ற விதியும் 2012இல் வந்தது. அபராதத்துக்கு அஞ்சித்தான் இதைச் செய்ய வேண்டும் என்றில்லை.

பிள்ளையின் தகப்பனாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தனை ஓட்டத்திலும் அவர் பெரும்பாலும் வாசலில் நின்று காற்று வாங்கிக்கொண்டிருப்பார். துணி மாற்றுவது பெண்பிள்ளை வேலை என்று அவருக்குப் பழக்கிவிட்டார்கள். பெரிய கடைகளில்கூட அதற்கான பலகையைப் பெண்கள் கழிவறையில் மட்டும் வைத்துவிடுவதுண்டு. அமெரிக்காவில் மத்திய அரசுக் கட்டடங்களில் ஆண், பெண் இருபாலர் கழிவறையிலும் அந்த வசதி வேண்டும் என்று 2016இல் சட்டமே செய்தார்கள். இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். விரிப்பைப் பிடிக்கவும், பையைக் கொண்டுபோய்ப் போடவும் அவருக்கும் இரண்டு கைகள் இருக்கின்றன.

ரெயில்வே ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2022 மே மாதம் லக்னோ மெயிலில், கீழ்ப் படுக்கையோடு ஒட்டிய குழந்தைப் படுக்கையைச் சோதனையாக வைத்தார்கள். ஆனால் மூத்த குடிமக்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் கீழ்ப் படுக்கையில் ஒதுக்கீடு இருக்க, கைக்குழந்தைக்காரி அந்தப் பட்டியலில் இல்லை. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கிடைக்கும் சலுகை, மடிக்கு வந்ததும் பறிபோகிறது! அவளுக்கு மேல் படுக்கை விழுந்தால், கீழே இருக்கும் இளைஞர் மனம் வைத்தால்தான் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோர் கேட்காமலே மாற்றிக்கொடுத்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பொது இடங்களில் பாலூட்டவும் குழந்தையைப் பராமரிக்கவும் அறைகள் வேண்டும் என்று தொடரப்பட்ட வழக்கில், புதிய பொதுக் கட்டடங்களைத் திட்டமிடும்போதே அதற்கு இடம் ஒதுக்க வேண்டும் என 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. தமிழ்நாட்டுப் பஸ் நிலையங்களில் 2015லேயே பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. கட்டடத்துக்குச் சொன்னது, ஒன்றரை நாள் ஓடும் பெட்டிக்கும் பொருந்தாதா? பெட்டிக்கு ஒரு கழிவறையில் சுவரோடு மடியும் பலகை; வாசலருகே மூடியுள்ள தனிக் குப்பைத் தொட்டி. பெட்டி பழுதுபார்ப்புக்குப் பணிமனை செல்லும்போதே இவற்றைப் பொருத்திவிடலாம். கோடை விடுமுறைக்குச் சிறப்பு ரெயில் கேட்டு மனுக் கொடுக்கும் தமிழ் அமைப்புகள், அடுத்த மனுவில் இந்த இரண்டையும் கைக்குழந்தைக்காரிக்குக் கீழ்ப் படுக்கையையும் சேர்த்து எழுதட்டும்.