உடனிருத்தலும் உடன்படுதலும்: முத்துக்குளித்துறை சொல்லும் விடை

"அவர் உண்மையான கிறிஸ்தவரே அல்லர்."

கோயிலுக்குத் தவறாமல் செல்லும் ஒருவர் எளியவரிடம் இரக்கமின்றி நடந்துகொண்டார் என்று கேள்விப்படும்போதெல்லாம் நம்மிடையே பிறக்கும் முதல் தீர்ப்பு இதுதான். சொல்பவர் கிறிஸ்தவராயின் தம் சமயத்தின் மானங்காக்கச் சொல்கிறார். பிற சமயத்தவராயின் நாகரிகம் கருதிச் சொல்கிறார். இருவருக்கும் இத்தீர்ப்பு வசதியானது. வசதியானது என்பதாலேயே இதனை ஐயுற வேண்டும் என்பது நம் கருத்து.

அன்பில்லாதவரை எல்லாம் கணக்கிலிருந்து நீக்கிவிட்டால் எஞ்சுவோர் அனைவரும் அன்புடையோராகவே இருப்பர். பிறகு அச்சமயம் மனிதரிடத்து அன்பை வளர்த்ததா இல்லையா என்ற வினாவுக்கே இடமில்லாமற் போய்விடும். இந்த உத்தியைச் சைவர், வைணவர், இசுலாமியர் யாவரும் கையாளலாம். ஏன், பகுத்தறிவாளரும் கையாளலாம். எவர் கையாண்டாலும் அடிபட்டவனுக்கு அதனால் யாதொரு பயனும் இல்லை. அவனை அடித்த கை எந்தப் பட்டியலில் இருந்தால் அவனுக்கென்ன?

இதற்கு நேரெதிரான தீர்ப்பும் உண்டு. விசுவாசம் உள்ளத்தைச் சார்ந்தது, நடத்தை குணத்தைச் சார்ந்தது, இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம் என்பர் சிலர். இதுவும் வசதியானதே. ஒருவர் கடுஞ்சொல்லராகவும் கைநீட்டுபவராகவும் வாழ்நாள் முழுவதும் இருந்துகொண்டு, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள இது வழிவிடுகிறது.

நாம் இறையியல் கற்றவர் அல்லோம், தமிழிலக்கியம் பயிற்றுவிப்போர். எனவே இவ்வினாவைக் கோட்பாட்டு நூல்களில் தேடாமல், நமக்கு அண்மையிலுள்ள ஒரு நிலப்பகுதியின் வரலாற்றில் வைத்துப் பார்க்க விரும்புகிறோம். கன்னியாகுமரி முதல் இராமேசுவரம் வரை நீளும் முத்துக்குளித்துறையே அது. தூத்துக்குடி அதன் தலைமைத் துறைமுகம். தமிழகத்தில் ஒரு சமுதாயம் முழுவதும் கிறிஸ்தவத்தைத் தழுவிய நிகழ்ச்சி முதன்முதலில் நடந்தது இங்கேதான். முத்துக்குளிப்பு உரிமை பற்றிய பூசலில் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடிய பரதவர், 1536-ஆம் ஆண்டையொட்டித் திரள்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். ஆக, இங்கே சமயமும் வணிகமும் படைபலமும் ஒரே கப்பலில் வந்திறங்கின. அன்பைப் போதிக்க வந்தவரும் முத்தை அள்ள வந்தவரும் ஒரே சிலுவையை வணங்கினர். நம் வினாவுக்கு இதனினும் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

1542-இல் இக்கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், தம் உடனுழைப்பாளரான மான்சிலாசுக்கு 1544-ஆம் ஆண்டில் மணப்பாடு, புன்னைக்காயல், ஆலந்தலை முதலிய ஊர்களிலிருந்து எழுதிய கடிதங்கள் பல எஞ்சியுள்ளன. நீண்ட இறையியல் விளக்கங்கள் அவற்றில் இல்லை. அன்றாட வேலைகளுக்கு நடுவே அவசரமாக எழுதப்பட்டவை அவை. அதனாலேயே அவை நமக்கு அரிய சான்றுகள். மக்களிடம் சலிப்படையாதீர், கெட்ட பிள்ளைகளை நல்ல தந்தையர் நடத்துவது போல நடத்தும், அவர்கள் உம்மை நேசிக்கும்படி நடந்துகொள்ளும் என்று அவர் திரும்பத் திரும்ப அறிவுறுத்துகிறார். அவ்வாண்டு சூன் மாதம் வடுகர் படை குமரிமுனைப் பரதவரைத் தாக்கியபோது, உணவுப் பொருள்களை ஏற்றிய இருபது தோணிகளுடன் மணப்பாட்டிலிருந்து அவர் புறப்பட்டார். எதிர்க்காற்றினால் கடல்வழி இயலாது போகவே, கால்நடையாகவே சென்று துன்புற்றோரைச் சேர்ந்தார்.

இதே கடிதங்களில் இன்னொரு மனிதரும் வருகிறார். கோஸ்மே டி பாய்வா என்னும் போர்ச்சுகீசியக் கப்பித்தான். இக்கரையில் அரசரின் ஆளாக இருந்தவர். அவர்மீது கொள்ளை, பேராசை, அப்பேராசையால் தூத்துக்குடியில் விளைந்த கொலைகள் என்று சவேரியார் அடுக்கும் குற்றங்கள் பல. இக்கப்பித்தான் பூசை காணாதவரா? செபமாலை அறியாதவரா? அவர் விசுவாசி அல்லர் என்று சொல்ல நம்மிடம் எந்தச் சான்றும் இல்லை. கவனிக்க வேண்டியது யாதெனில், சவேரியாரும் அப்படிச் சொல்லவில்லை. அக்கப்பித்தானின் வீடும் கப்பலும் எரிந்து அவர் தீவுகளில் தஞ்சம் புகுந்தபோது, தண்ணீரும் உணவும் ஏற்றிய படகுகளுடன் உடனே சென்று உதவுமாறு மான்சிலாசுக்கு எழுதுகிறார். சில மாதங்கள் கழித்து, அவர் தம் மனச்சான்றின் மீதுள்ள சுமையை இறக்கிவைக்கத் துணைசெய்யுமாறு பணிக்கிறார். முதலில் தாகம் தீர்த்தல், பின்னர்க் குற்றத்தை முகத்துக்கு நேரே எடுத்துரைத்தல். இரண்டும் ஒருவரே செய்தவை, ஒருவருக்கே செய்தவை.

இங்கே நமக்கு ஒரு வேறுபாடு துலங்குகிறது. உடனிருத்தல் வேறு, உடன்படுதல் வேறு. காய்ச்சலும் உயிரும் ஓருடம்பில் உடனிருக்கின்றன. அதனால் காய்ச்சல் நலத்தின் பகுதியாகிவிடாது. காய்ச்சல் கண்டவனைப் பார்த்து 'இவன் உயிருள்ளவனே அல்லன்' என்றும் நாம் சொல்வதில்லை, மருந்து கொடுக்கிறோம். பாய்வாவிடம் விசுவாசமும் வன்கண்மையும் உடனிருந்தன. அவை ஒன்றோடொன்று உடன்படுவன என்று ஏற்றுக்கொள்ளச் சவேரியார் மறுத்தார். சுமையை இறக்கு என்பதன் பொருள் அதுவே.

ஆனால் இந்தக் கதையைப் 'புனிதரும் பாவியும்' என்று இத்தோடு முடித்துக்கொள்வது நேர்மையாகாது. அதே சவேரியார், சாராயம் அருந்தும் பெண்களைப் பிடித்துக்கொடுக்கும் காவலனுக்குத் தலைக்கு ஒரு பணம் கொடுக்குமாறும், அப்பெண்களை மூன்று நாள் அடைத்துவைக்குமாறும் எழுதியவர். ஊர்ச் சிறுவர்கள் தம் பெற்றோர் வணங்கிய திருவுருவங்களை உடைத்து, உமிழ்ந்து, மிதித்ததை மகிழ்ச்சியோடு உரோமைக்கு எழுதியவரும் அவரே. அச்சிறுவரின் தாய் தந்தையர் அக்காட்சியைக் கண்டு என்ன உணர்ந்திருப்பர் என்ற எண்ணம் அக்கடிதத்தில் எங்கும் இல்லை. அக்காலத்து ஐரோப்பியர் அனைவரும் அப்படித்தான் என்று அமைதி கூறுவோர் உண்டு. அவ்வமைதி இங்கே செல்லாது. ஏனெனில் அவருக்கு அந்தக் கண் இருந்தது. உள்நாட்டு இளவரசர் ஒருவரின் பணியாளைப் போர்ச்சுகீசியர் ஒருவர் பிடித்துக்கொண்டு போனபோது, அதே 1544-இல், அவர் எழுதியதை நோக்குக: நம்மவர் ஒருவரை இந்நாட்டார் இப்படிக் கட்டி உள்நாட்டுக்கு இழுத்துச் சென்றால் நாம் பொறுப்போமா, அவர்களுக்கும் அதே உணர்ச்சிதானே இருக்கும் என்று கேட்கிறார். மனம் கசந்து, இக்கரையை விட்டு எத்தியோப்பியா பக்கம் போய்விடலாமா என்றும் எண்ணுகிறார்.

பிறர் வலியைத் தன் வலியாக மாற்றிப் பார்க்கும் அக்கண், பணியாள் கடத்தப்பட்டபோது திறந்திருந்தது. சாராயம் குடித்த பெண் அடைபட்டபோது மூடியிருந்தது. ஒரே மனிதர், ஒரே ஆண்டு, ஒரே கடற்கரை.

இரண்டு கடுமைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். கப்பித்தானைக் கண்டித்தது கடுமைதான். ஆனால் அது வலியவரை நோக்கிப் பாய்ந்தது, கண்டித்தவருக்கே பகையைத் தேடித் தந்தது. குடித்த பெண்ணை அடைத்துவைத்ததும் கடுமைதான். அது எளியவரை நோக்கிப் பாய்ந்தது, அடைத்தவருக்கு அதனால் எந்த இழப்பும் இல்லை. கண்டிப்பும் அன்பின் ஒரு வடிவமே என்று சொல்வோர் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். கண்டிப்பு அன்பின் வடிவம்தானா என்பதை அறிய ஒரு வினா போதும்: அது யாரை நோக்கிச் செல்கிறது, அதன் விலையை யார் கொடுக்கிறார்?

தமிழ் மரபு இதனை நன்கு அறிந்திருந்தது. வள்ளுவர் அன்புடைமையை இல்லறத்தானுக்கு வைத்தார். அருளுடைமையைத் துறவறத்தின் வாயிலில் வைத்தார். கண்ணோட்டத்தையோ அரசியலில் வைத்தார். பிறர்மீது அதிகாரம் உடையவனுக்கே கண்ணோட்டம் தனியோர் அதிகாரமாக வலியுறுத்தப்படுகிறது என்பது எண்ணத்தக்கது. கப்பித்தானுக்குக் கண்ணோட்டம், குருவுக்கு அருள், குடும்பத்தானுக்கு அன்பு. கிறிஸ்தவ மறைநூலும் வேறு சொல்லவில்லை. கண்ணெதிரே இருக்கும் சகோதரனை நேசியாதவன் காணாத கடவுளை நேசிப்பதாகச் சொல்வது பொய் என்று யோவானின் திருமுகம் வெளிப்படையாகவே கூறுகிறது. இறுதித் தீர்வையைப் பற்றி மத்தேயு எழுதும் காட்சியில் பசித்தவருக்கு உணவளித்ததும் சிறையிலிருந்தவரைப் பார்த்ததும் தவிர வேறு வினாக்கள் கேட்கப்படுவதில்லை.

இக்கரையின் பிற்கால வரலாறும் இதே பாடத்தையே வேறு வேறு விலையில் கற்பிக்கிறது. வேதாளையில் இராமேசுவரப் பயணிகளிடம் சுங்கம் பறித்த போர்ச்சுகீசியக் கப்பித்தான் ஒருவரின் பேராசை, 1549-இல் வடுகர் படையை அங்கே வரவழைத்தது. பெண்களையும் குழந்தைகளையும் படகேற்றி அனுப்பிக்கொண்டிருந்த அந்தோனி கிரிமினாலி என்ற இளங்குரு அங்கே கொல்லப்பட்டார். ஒரு கிறிஸ்தவரின் வன்கண்மைக்கு இன்னொரு கிறிஸ்தவர் உயிரைக் கொடுத்தார். 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தரோ தம்முடையதே தூய கிறிஸ்தவம் என்று நம்பியவர்கள். கத்தோலிக்கக் குருமாரை அவர்கள் விரட்டினர். பரதவரைத் தம் சபைக்கு மாற்றவும் முயன்றனர். பரதவர் அசையவில்லை. பாதுகாப்புக்காக மதம் மாறியவர்கள் என்று ஏளனம் செய்யப்பட்டவர்களின் விசுவாசம், பாதுகாப்பவர் போன பின்னரும் நிலைத்தது. யாருடைய நம்பிக்கை மெய்யானது என்று வெளியிலிருந்து தீர்ப்பளிப்போர் எத்துணை எளிதில் பிழைபடுவர் என்பதற்கு இது போதிய சான்று.

தெற்கே வடக்கன்குளத்துக்கு வருவோம். 1872-இல் அங்கு எழுந்த கோயிலில் வெள்ளாளர் ஒருபுறமும் நாடார் முதலியோர் மறுபுறமும் நின்று வழிபட, இடையே சுவர் இருந்தது. பீடம் ஒன்று, கடவுள் ஒருவர், சுவர் மட்டும் நடுவில். 1910-இல் கௌசானல் அடிகளார் அச்சுவரை இடித்தார். வெள்ளாளக் கிறிஸ்தவர் அதனை எதிர்த்து வழக்காடினர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. வழக்காடியவர்கள் பொய் விசுவாசிகளா? மதத்தை விட்டு வெளியேறாமல், தம் கோயிலில் தம் இடத்துக்காகப் பொருள் செலவிட்டுப் போராடியவர்கள் அவர்கள். அவர்களுடைய பற்று மெய்யானதே. அடுத்தவன் அருகில் நிற்பதைப் பொறாத அவர்களது மனமும் மெய்யானதே. 2008-இல் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதி மோதல் மூண்டு, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர் என்பதை நினைத்தால், வடக்கன்குளம் பழங்கதையாகிவிடவில்லை என்பது விளங்கும்.

ஆகவே நம் துணிபு இது. அன்பின்மை மெய்யான கிறிஸ்தவ நம்பிக்கையோடு உடனிருக்கக்கூடும், நாள்தோறும் உடனிருக்கிறது. ஆனால் அதனோடு ஒருபோதும் உடன்படாது. ஒருவருடைய நம்பிக்கை மெய்யானதா என்பதற்கு அவர் என்றும் கடுமையாக நடந்ததே இல்லை என்பது அளவுகோலாகாது. அப்படி ஒருவரைக் காட்டுதல் அரிது. 'உன் கை என்மேல் பட்டது' என்று அடிபட்டவர் சொல்லும்போது, அதனைக் கேட்டு, எடுத்ததைத் திருப்பிக்கொடுத்து, கட்டியதை இடிக்க அவரால் முடிகிறதா என்பதே அளவுகோல். இக்கரையில் அரைநூற்றாண்டு உழைத்த அண்டிரிக் அடிகளார் தமிழில் அச்சிட்ட நூல்களுள் ஒன்று, 1580-இல் வெளிவந்த பாவசங்கீர்த்தன நூல். விசுவாசிகள் தம்மைத் தாமே வினவிக்கொள்வதற்கென ஒரு நூல் இவ்வளவு தொடக்கத்திலேயே தமிழ் அச்சுக்கு வந்தது நல்ல குறிப்பே. விசுவாசம் உடையவன் குற்றமற்றவன் என்று அச்சபை கருதவில்லை. கேள்வி கேட்கப்பட வேண்டியவன் என்றே கருதியது.

கேள்வியைக் கேட்கும் உரிமை குருவுக்கு மட்டும் உரியதன்று என்பதே நாம் அதனோடு சேர்க்க விரும்புவது. சாராயம் குடித்ததற்காக அடைபட்ட அந்தப் பரதவப் பெண்ணுக்கும் அவ்வுரிமை உண்டு. புனிதரையே அவள் கேட்கலாம். முத்துக்குளித்துறைப் பரதவரின் வாழ்வை ஜோ டி குரூஸ் 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' ஆகிய நாவல்களில் எழுதியபோது, கடற்கரை மக்களின் பக்கமிருந்து அக்கேள்விகள் இலக்கியத்துக்குள் வந்தன. கொற்கைக்கு 2013-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சமயத்தை மறுத்தெழுந்த கேள்விகள் அல்ல அவை. அந்தச் சமயத்துக்குள் நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்களின் கேள்விகள்.

'அவர் உண்மையான கிறிஸ்தவரே அல்லர்' என்று சொல்லிவிடுவது அவரைக் கைகழுவுவதாகும். அவரால் துன்புற்றவரையும் சேர்த்துக் கைகழுவுவதாகும். அவர் கிறிஸ்தவர்தாம், ஆகவேதான் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே சரியான நிலை. கிறிஸ்தவர் என்ற சொல்லை எடுத்துவிட்டு வேறெந்தச் சமயப் பெயரை அங்கே வைத்தாலும் இது பொருந்தும் என்றே கருதுகிறோம். மாறுபடுவோர் மறுத்துரைக்கலாம், கேட்கக் காத்திருக்கிறோம்.