பேதி நின்ற பிறகு வயிறு உப்புகிறதா?

கேள்வி: என் தங்கைக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பிரச்னை உண்டு. போன மாதம் ரத்தத்துடன் பேதியானது. பேதியை நிறுத்தும் மாத்திரை போட்டதும் குறைந்தது. மறுநாளே வயிறு உப்பி, காய்ச்சல் வந்து, ஐ.சி.யு-வில் சேர்த்தோம். 'டாக்ஸிக் மெகாகோலன்' என்றார்கள். பேதி நின்ற பிறகும் ஆபத்து வருமா?

பதில்: வரும். பேதி நின்றாலே குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பெருங்குடல் இயங்காமல் போனாலும் பேதி குறையும்.

பெருங்குடல் என்பது சுமார் 5 அடி நீளமுள்ள தசைக்குழாய். அது சுருங்கி விரிந்துதான் மலத்தையும் வாயுவையும் கீழே தள்ளுகிறது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் புண்ணும் வீக்கமும் பொதுவாகக் குடலின் உள்படலத்தோடு நிற்கும். தீவிரமாகித் தசை வரை இறங்கினால், தசை தளர்ந்து செயலிழக்கும். வாயு தேங்கி, குடல் பலூன் போல விரியும். எக்ஸ்ரேயில் பெருங்குடலின் அகலம் 6 செ.மீ-க்கு மேல் இருந்து, காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு போன்றவையும் சேர்ந்தால் அதுதான் டாக்ஸிக் மெகாகோலன். மெலிந்த குடல் சுவரில் ஓட்டை விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

குடல் அழற்சி நோயாளிகளுக்கு மட்டுமல்ல, அமீபா, ஷிகெல்லா போன்ற கிருமிகளால் வரும் கடுமையான சீதபேதியிலும் இது அரிதாக ஏற்படலாம். ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு வரும் ஒருவகை பாக்டீரியா தொற்றும் காரணமாகலாம்.

அடிப்படைக் காரணம் குடலின் தீவிர அழற்சிதான். ஆனால், லோபராமைடு போன்ற மாத்திரைகள் ஏற்கெனவே சோர்ந்த குடலின் இயக்கத்தை மேலும் குறைத்து, நிலைமையை மோசமாக்கலாம். அதனால் மலத்தில் ரத்தமோ, கூடவே காய்ச்சலோ இருந்தால் இவற்றை நீங்களாக வாங்கிப் போடக் கூடாது. உடலில் நீர் வற்றாமலிருக்க ஓ.ஆர்.எஸ் கரைசல் குடித்தபடி டாக்டரைப் பாருங்கள்.

பேதியின்போதோ, அது திடீரெனக் குறைந்த பிறகோ வயிறு உப்பி வலித்தால், காய்ச்சல், படபடப்பு, தலைச்சுற்றல், குழப்பமான பேச்சு இருந்தால், விடியும்வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு வலி அவ்வளவாகத் தெரியாமலும் போகலாம். அவர்கள் உப்புசத்தையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவமனையில் வாய்வழி உணவை நிறுத்தி, நரம்பு வழியாக நீர்ச்சத்தும், காரணத்துக்கேற்ப ஸ்டீராய்டோ ஆன்டிபயாடிக்கோ கொடுப்பார்கள். அறுவை சிகிச்சை நிபுணரும் ஆரம்பத்திலிருந்தே கவனிப்பார். 2, 3 நாள்களில் முன்னேற்றம் இல்லாவிட்டாலோ, குடலில் ஓட்டை விழுந்தாலோ பெருங்குடலை அகற்ற வேண்டியிருக்கும். கேட்கவே பயமாக இருந்தாலும், சரியான நேரத்தில் செய்யும் அந்த ஆபரேஷன்தான் உயிரைக் காப்பாற்றும். பெருங்குடல் இல்லாமலும் நல்லபடியாக வாழ முடியும்.

மருத்துவமனைக்குப் போகும்போது, கடந்த சில வாரங்களில் சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டைகளையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.