இராகம் மழை தருமா?

அமிர்தவர்ஷிணி பாடினால் அடைமழை கொட்டுமாம்! பாட்டி சொன்ன பழங்கதையென்றால் சிரித்துவிட்டு நகர்ந்திருப்போம். 2019-ஆம் ஆண்டு, சென்னை மக்கள் குடமேந்தித் தெருத்தெருவாய் அலைந்த கோடையில், அறநிலையத்துறையே கோயில்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தது: வேள்வி நடத்துக, மழைக்குரிய இராகங்களை வாசித்திடுக! பள்ளிக்கரணைச் சதுப்பிலே குப்பை மலை வளர்த்த குற்றம் மறந்தது. வீணையை வேலை வாங்குவது மட்டும் நினைவிலிருந்தது!

இசையை நாம் இகழவில்லை. அதை மூடத்தனத்துக்கு முட்டுக்கொடுப்பதையே இகழ்கிறோம். ஒலிக்கு மழை வரவழைக்கும் ஆற்றல் இல்லை. உண்மையை உரைக்கும் ஆற்றல் உண்டு.

சான்று வேண்டுமா? கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் லிங்கன் மெடோ என்றொரு காட்டுவெளி. தேர்ந்தெடுத்த மரங்களையே வெட்டுவோம், காட்டுக்குக் கேடில்லை என்றது மரம் வெட்டும் நிறுவனம். வெட்டுமுன், 1988-இல், இசைக்கலைஞர் பெர்னி கிரௌஸ் அங்கே விடியற்பொழுதின் ஒலிகளைப் பதிவு செய்தார். மறு ஆண்டு, அதே நாளில், அதே வேளையில் மீண்டும் பதிந்தார். கண்ணுக்குக் காடு மாறவில்லை. காதுக்கோ? பறவைகளின் பல்லியம் ஓய்ந்துவிட்டது. ஓடையின் சலசலப்பும் மரங்கொத்தியின் தட்டலுமே ஓங்கி ஒலித்தன. அதன்பின் பல முறை சென்றார். கால் நூற்றாண்டாகியும் பழைய வளம் திரும்பவில்லை.

கண்ணை ஏய்த்த பொய்யைக் காது பிடித்தது! இதுவன்றோ இசைவாணர் ஆற்றவேண்டிய பணி?

தோழர்களே! வானத்தைக் கெஞ்சும் வாத்தியம் நமக்கு வேண்டாம். வற்றிய ஏரியில் தவளையின் குரல் நின்றதைக் கேட்கும் செவி வேண்டும். கேட்டபின், யாரால் நின்றது என்று கேட்கும் நாவும் வேண்டும்!