ஒரு கரண்டி ஜாமின் கணக்கு



களப்பணிக்குப் போகும் வீடுகளில் அண்மைக் காலமாக ஒரு புதிய பொருளைக் காண்கிறேன். எயார் பிரையர். லண்டனில் இருந்தோ கனடாவில் இருந்தோ லீவில் வந்த சகோதரமோ மச்சாளோ கொண்டுவந்து கொடுத்ததாக இருக்கும். சில வீடுகளில் அது பெட்டி பிரிக்கப்படாமலே அலுமாரிக்கு மேல், தூசி படாதபடி சேலைத் துண்டால் மூடப்பட்டுக் கிடக்கிறது. “எண்ணெய் இல்லாமல் கோழி பொரிக்கலாம் எண்டு சொல்லித்தான் தந்தவை, மிஸ். எண்ணெய் மிச்சம் சரி, கோழிக்கு ஆர் காசு தாறது?” என்று ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி.

பெயரில்தான் பொரியல் இருக்கிறதே தவிர, இந்தக் கருவி உண்மையில் ஒரு சின்னப் போறணை. மேலே ஒரு சூடாக்கும் கம்பிச்சுருள், அதற்கு மேல் ஒரு விசிறி. விசிறி சூடான காற்றைக் கூடைக்குள் வேகமாகச் சுழற்றும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம். 2010 இல் பிலிப்ஸ் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிரித்தானியாவில் 2022 இல் மின்சாரக் கட்டணமும் எரிவாயுக் கட்டணமும் தாங்க முடியாத அளவுக்கு ஏறியபோது, பெரிய போறணையைச் சூடாக்கப் பயந்த குடும்பங்கள் இதை வாங்கத் தொடங்கின. அதே வருடம் நாங்கள் சிலிண்டருக்கு வரிசையில் நின்றோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

சின்னப் போறணைக்குச் சின்னப் பலகாரம்தான் பொருத்தம். அப்படி ஒன்றை லண்டனில் இருக்கும் என் மச்சாள் தொலைபேசியில் சொல்லித் தந்தார். அங்கே அதற்கு ராஸ்பெரி பணிஸ் என்று பெயர். நம் பேக்கரிகளில் விற்கும் ஜாம் பணிஸ் போன்றதல்ல. அது ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்த மாவில் செய்வது, மெத்தென்று இருக்கும். இது ஈஸ்ட் இல்லாதது. மாவையும் பட்டரையும் விரலால் உதிர்த்து, முட்டையில் குழைத்து, உருண்டையின் நடுவில் குழி பறித்து ஒரு துளி ஜாம் வைத்துச் சுடுவது. மேல் மொறுமொறுப்பாகவும் உள் உதிரியாகவும் இருக்கும். ரொக் பணிஸ் தின்றவர்களுக்கு அதன் தங்கச்சி என்று சொன்னால் விளங்கும். பிரித்தானியாவில் பல தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கூட மனையியல் வகுப்பில் முதன்முதலாகச் சுடப் பழகிய பலகாரங்களில் இதுவும் ஒன்று. மா பொங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அரை மணித்தியாலத்தில் தட்டுக்கு வந்துவிடும்.

இந்த அவசரப் பணிஸுக்கு வழி செய்தது தானாகப் பொங்கும் மா. பிரிஸ்டல் நகரத்துப் பேக்கரிக்காரர் ஹென்றி ஜோன்ஸ் 1845 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கடலோடிகள் கல்லுப் போன்ற பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்த காலம் அது. அவர்களுக்குக் கப்பலிலேயே நல்ல பாண் சுட்டுக் கொடுக்க வேண்டும் என்று அவர் கடற்படையின் கதவை வருடக்கணக்காகத் தட்டினார். மாவோடு சோடாவையும் அமிலத்தூளையும் முன்கூட்டியே கலந்து வைத்தால் ஈரம் பட்டதும் காற்று பிறக்கும். இன்று நாம் வாங்கும் பேக்கிங் பவுடரின் வேலையும் அதுதான்.

நான் இதைப் பற்றி எழுத நினைத்ததற்கு ருசி மட்டும் காரணமல்ல. இரண்டாம் உலகப் போரின்போது அந்த நாட்டுப் பெண்கள் சமையலறையில் போட்ட கணக்கு இந்தப் பணிஸில் இருக்கிறது. பிரித்தானியாவில் 1940 ஜனவரியில் உணவுப் பங்கீடு தொடங்கியது. அது முற்றாக நீங்கியது 1954 ஜூலையில். போர் முடிந்து ஒன்பது வருடங்களுக்குப் பிறகு! ஒரு வளர்ந்தவருக்குக் கிழமைக்குப் பட்டர் ஏறத்தாழ 57 கிராம், சீனி 227 கிராம், முட்டை ஒன்று. அளவு காலத்துக்குக் காலம் மாறும். முட்டை சில கிழமைகளில் கிடைக்கவே கிடைக்காது. ஜாமுக்கும் 1941 இல் பங்கீடு வந்தது.

இப்போது பாருங்கள். பன்னிரண்டு பணிஸுக்கு 75 கிராம் பட்டரோ மாஜரினோ வேண்டும், 75 கிராம் சீனி வேண்டும், ஒரு முட்டை வேண்டும். அதாவது ஒருவருடைய கிழமைப் பட்டர் முழுவதும் போட்டாலும் போதாது. ஒருவருடைய கிழமை முட்டை முழுவதும் போய்விடும். ஆகவே அவர்கள் முட்டைக்குப் பதில் அமெரிக்காவில் இருந்து வந்த முட்டைத் தூளை ஒரு மேசைக்கரண்டி எடுத்து இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்தார்கள். இனிப்புக்குக் கரட் துருவிப் போட்டார்கள். நிவாரண அட்டையோடு சங்கக்கடை வாசலில் நின்ற நமக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. ஜாமைப் பாணில் பூசினால் பெரிய பிள்ளை கொஞ்சம் கூடுதலாகத்தான் வழித்துக்கொள்ளும். பணிஸுக்குள் வைத்துச் சுட்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைத் தேக்கரண்டி, கூடவும் இல்லை குறையவும் இல்லை. சண்டை தீர்க்கும் பலகாரம் என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது எனக்கு.

அந்த ஜாமை ஆர் செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1940 இல் பழமரங்கள் நன்றாகக் காய்த்தன. சீனி இல்லாமல் பழங்கள் அழுகிப் போகும் நிலை. அப்போது கிராமங்களில் இருந்த பெண்கள் நிறுவகங்கள் அரசிடம் சீனி கேட்டுப் பெற்று, கிராம மண்டபங்களிலும் பண்ணைச் சமையலறைகளிலும் கூடி ஜாம் காய்ச்சின. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 1,600 தொன்னுக்கும் மேல். அடுத்த வருடம் ஜாம் பங்கீட்டுக்குள் வந்தபின், அவர்கள் காய்ச்சிய ஜாமும் பொதுப் பங்கீட்டுக்கே போனது. நாள் முழுக்க அடுப்படியில் நின்ற பெண்ணும் தன் வீட்டுக்கு வேண்டுமானால் பங்கீட்டுப் புத்தகத்தோடு கடைக்குத்தான் போக வேண்டும். அந்த உழைப்பில் பெரும்பகுதிக்குக் கூலியும் இல்லை.

இந்தப் பெண்கள் நிறுவகம் நமக்கு முற்றிலும் அந்நியமான ஒன்றல்ல. 1897 இல் கனடாவின் ஒன்ராறியோவில் தொடங்கிய இயக்கம் அது. 1915 இல் பிரித்தானியாவுக்கு வந்தது. கனடாவில் பிறந்து, இலங்கைத் தமிழர் ஒருவரை மணந்து, இங்கேயே வாழ்ந்து மருத்துவம் பார்த்த மேரி ரட்ணம் அம்மையார் அதே மாதிரியைப் பின்பற்றித்தான் 1930களின் தொடக்கத்தில் லங்கா மகிள சமிதியை உருவாக்கினார்.

ஜாம் போத்தல்களோடு சிரித்துக்கொண்டு நிற்கும் அந்தப் பெண்களின் படங்களை இன்றும் பெருமையாகக் காட்டுகிறார்கள். அதே நாட்டில், போரில் கணவனை இழந்த பெண்ணின் ஓய்வூதியத்தில் வருமான வரி பிடித்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1971 இல் அந்தப் பெண்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துப் போராடினார்கள். 1979 இல்தான் அந்த வரி முழுதாக நீங்கியது. சமூகவியல் படித்தவள் என்பதால் எனக்கு இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வருவதில்லை.

சரி, செய்முறைக்கு வருவோம். 225 கிராம் கோதுமை மா. கடையில் 250 கிராம் நிறுத்து வாங்கினால் மூன்று மேசைக்கரண்டி எடுத்து வைத்துவிடுங்கள். சாதாரண மா என்றால் மூன்று மட்டமான தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து இரண்டு முறை அரித்துக்கொள்ளுங்கள். இதில் 75 கிராம் மாஜரினைப் போட்டு விரல் நுனியால் உதிர்க்க வேண்டும். புட்டுக்கு மா குழைக்கத் தெரிந்த கைக்கு இது ஒரு வேலையே இல்லை, அதே பதம்தான். உள்ளங்கை படக்கூடாது, பட்டால் மாஜரின் உருகிவிடும். பிறகு 75 கிராம் சீனி, அடித்த முட்டை ஒன்று, தேவைக்கு ஒரு மேசைக்கரண்டி பால். மா இறுக்கமாகவே இருக்கட்டும். பிசையாமல் ஒன்றுசேர்த்தால் போதும், பிசைந்தால் ரொட்டி போல இறுகிவிடும்.

பன்னிரண்டு உருண்டை. ஒவ்வொன்றிலும் பெருவிரலால் குழி பறித்து அரைத் தேக்கரண்டி ஜாம். பிரித்தானியாவில் சிலர் குழியைத் திறந்தே விடுவார்கள், சிலர் ஓரங்களை இழுத்து மூடுவார்கள். எயார் பிரையருக்கு மூடுவதுதான் நல்லது. விசிறிக் காற்றில் திறந்த ஜாம் காய்ந்து தோல் போலாகிவிடும். மூடிய வாய் வேகும்போது தானாக வெடித்துச் சிவப்புத் தெரியும், அதுதான் அழகு. மேலே பால் தடவிச் சீனி தூவுங்கள். பால் தடவாவிட்டால் சீனியைக் காற்று அள்ளிக்கொண்டு போகும்.

ராஸ்பெரி இங்கே கிடைப்பதில்லை, அதற்காக வெளிநாட்டுப் போத்தல் வாங்குவதும் வீண் செலவு. விளாம்பழ ஜாம் இதற்கு நன்றாகப் பொருந்தும், அன்னாசியும் பரவாயில்லை. தண்ணியான ஜாம் மட்டும் வேண்டாம், ஒழுகிக் கூடையில் கருகிப் பிடிக்கும்.

பெரிய போறணையில் 200 பாகையில் சுடுவார்கள். எயார் பிரையரில் 170 போதும். மூன்று நிமிடம் வெறுமனே சூடாக்கிவிட்டு, ஒரு தடவைக்கு ஐந்து உருண்டைகள், இடைவெளி விட்டு வையுங்கள். பத்து முதல் பன்னிரண்டு நிமிடம். எட்டாவது நிமிடத்தில் இழுத்துப் பாருங்கள். சூடு மேலிருந்து வருவதால் மேல் சிவந்தும் அடி வெளிறியும் இருந்தால் பாகையைக் கொஞ்சம் குறைத்து இன்னும் இரண்டு நிமிடம் விடுங்கள். அடியில் கடதாசி விரித்தால் அதன் மேல் உருண்டைகள் பாரமாக இருக்க வேண்டும். வெறும் கடதாசியை உள்ளே வைத்துச் சூடாக்கினால் அது பறந்து கம்பிச்சுருளில் ஒட்டிப் பற்றிக்கொள்ளலாம். வெளியே எடுத்ததும் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். மா ஆறினாலும் உள்ளிருக்கும் ஜாம் ஆறாது, நாக்கு வெந்துபோகும்.

கருவி இல்லாதவர்கள் கனமான சட்டியில் மணல் பரப்பி, அதன் மேல் தட்டு வைத்து, மூடியில் தணல் போட்டுச் சுடலாம். கேக் சுட்ட அதே முறை. இருபது, இருபத்தைந்து நிமிடம் எடுக்கும்.

பிளக் விடயத்தில் மட்டும் கவனம் வேண்டும். இக்கருவிகள் பெரும்பாலும் 1,500 வாட் அளவில் மின்சாரம் இழுப்பவை. அதாவது ஆறரை அம்பியர். லண்டனில் இருந்து வந்தது சதுர முனை பிளக். நம் பழைய வீடுகளில் உள்ள 5 அம்பியர் வட்டத் துளைக்கு அதை மாற்றிப் பொருத்திப் போடுவதையும், மெல்லிய வயரில் நீட்டிப் போடுவதையும் பல வீடுகளில் காண்கிறேன். வயர் சூடாகி உருகும். வீட்டில் 13 அல்லது 15 அம்பியர் துளை இருந்தால் அதில் மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மின்வேலைக்காரரைக் கூப்பிட்டுப் போடுவியுங்கள்.

கடைசியாக வருமானம். “மிஸ், இதைச் சுட்டு விக்கலாமோ?” என்று கேட்பவர்கள் பலர். பிள்ளைகளோடு தனியாகக் குடும்பம் நடத்தும் ஒரு அக்காவுக்குப் பக்கத்துத் தேநீர்க்கடைக்காரர் காலையில் ஐம்பது பணிஸ் கேட்டிருந்தார். இரண்டாவது கருவி ஒன்றைக் கிழமைக் கட்டுக்கு எடுக்கலாம் என்று அக்கா யோசித்துக்கொண்டிருந்தார். நுண்கடன் எத்தனை வீடுகளின் நிம்மதியைக் குடித்தது என்பதை நான் சொல்லி அவர் அறியும் நிலையில் இல்லை. முன்னொரு கடனை அப்போதுதான் கட்டி முடித்திருந்தார். இருவரும் கொப்பியை எடுத்துக்கொண்டு இருந்தோம்.

ஒரு தடவைக்கு ஐந்து. வைத்து எடுக்கும் நேரத்தோடு கால் மணித்தியாலம். ஐம்பதுக்குப் பத்துத் தடவை, இரண்டரை மணித்தியாலம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்த முன் முடிப்பதென்றால் விடிய மூன்று மணிக்கு எழும்ப வேண்டும். மின்சாரம் மூன்று யூனிற்றுக்குள் முடியும், அது பெரிய செலவில்லை. மா, மாஜரின், சீனி, முட்டை, ஜாம் எல்லாவற்றுக்கும் அவர் ஒழுங்காக விலை எழுதியிருந்தார். அவருடைய நேரத்துக்கு மட்டும் ஒரு வரி இருக்கவில்லை. “எனக்கென்ன விலை, நான் வீட்டிலதானே நிக்கிறன்” என்றார். ஊரில் தோட்டக் கூலி ஒரு நாளைக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கேட்டு, அதில் மணிக்கு எவ்வளவு என்று பிரித்து, அந்த வரியையும் எழுதினோம். விலை கூடியது. கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். இரண்டு நாள் கழித்து, ஐம்பது வேண்டாம், இருபது போதும் என்று ஆள் அனுப்பினார்.

இருபது என்றால் நாலு தடவை, ஒரு மணித்தியாலம். இருக்கிற ஒரு கருவியே போதும். இப்போது செவ்வாயும் வெள்ளியும் இருபது இருபதாகப் போகிறது.